பேட்ஜுக்கு நிறுத்தும் பொத்தான் கிடையாது

அண்மையில் ஒரு புதியவர், பணிநேரம் முடிந்ததும் பன்னிரண்டு பேரின் சட்டையிலிருந்தும் ஆவி பேட்ஜ்களை (ஆள் சுவாசிக்கும் காற்றில் உள்ள கரைப்பான் ஆவியைக் கரியில் பிடித்து அளக்க உதவும் சிறு வில்லைகளை) கழற்றித் தட்டில் போட்டுவிட்டு, "உட்கார்ந்து நிதானமாக மூடிக்கொள்ளலாம்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. பெயர்ச்சீட்டு ஒட்ட மறப்பது, காலாவதியான பேட்ஜை எடுத்து வருவது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அவை பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன.

மூடும் நேரம்

காற்றை உறிஞ்சி மாதிரி எடுக்கும் பம்பை நிறுத்தினால் மாதிரி எடுப்பதும் நின்றுவிடும். பேட்ஜில் நிறுத்துவதற்கு ஒன்றுமில்லை. வெளியே ஆவி அடர்ந்திருக்கிறது, உள்ளே கரியின் மேற்பரப்பில் ஏறக்குறைய இல்லை. இந்த வேறுபாடு இருக்கும்வரை ஆவி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஃபிக் 1855இல் சொன்ன விதிதான். டொலுவீன் என்ற கரைப்பான் என்றால், சில வகைப் பேட்ஜ்களில் நிமிடத்துக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் காற்றில் உள்ள ஆவி கரியில் படியும். தொழிலாளி வீட்டுக்குப் போய்விட்டது பேட்ஜுக்குத் தெரியாது.

நானும் இதையே செய்தவன்தான். ஒரு வண்ணப்பூச்சுக் கூடத்தில் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு அரை மணி நேரம் படிவம் நிரப்பினேன். பக்கத்தில் தின்னர் டப்பா திறந்திருந்ததை மூக்கு பழகிப்போனதால் கவனிக்கவில்லை. முடிவுகள் வந்தபோது பன்னிரண்டும் எகிறியிருந்தன. தனி அறையில் கணக்கு எழுதும் கிடங்குக்காரருக்கும் அதே அளவு! அவரால்தான் பிழை பிடிபட்டது. அதற்குள் நிர்வாகம் புதிய காற்றோட்ட அமைப்புக்கு விலை கேட்டிருந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிடம், 10 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் பத்துப் பங்கு ஆவி) என்றால், பெருக்கினால் 4,800. மேசைமேல் அரை மணி நேரம் 200 பிபிஎம் என்றால் இன்னொரு 6,000. கூட்டி 480 நிமிடத்தால் வகுத்தால் 22.5. உண்மையைப்போல் இரு மடங்குக்கும் மேல்.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். 20 பிபிஎம்மில் எட்டு மணி நேரம் வேலை செய்தவரின் பேட்ஜ் சுத்தமான அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் திறந்து கிடக்கிறது. மூடிய நேரத்தையே முடிவு நேரமாக எழுதுகிறார்கள். 20 என்பது 16 ஆகிவிடும். யாரும் சந்தேகப்படமாட்டார்கள், அவர் நாளையும் அதே ஆவியைத்தான் சுவாசிப்பார். பதினைந்து நிமிட மாதிரியில் ஐந்து நிமிடத் தாமதம் என்ன செய்யும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆள் நிற்கும் இடத்திலேயே, ஆவியில்லாத பக்கமாகத் திரும்பி மூடுங்கள். அந்த நிமிடத்தை அங்கேயே எழுதுங்கள். பன்னிரண்டு வரிசையிலும் "8.00 – 4.00" என்று இருக்கும் படிவத்தை நான் நம்புவதே இல்லை. ஒரே நிமிடத்தில் பன்னிரண்டு பேட்ஜைத் திறக்க யாருக்கு எத்தனை கை?

அசையாத காற்று

சுவரில் மாட்டும் பேட்ஜுக்குத்தான் இந்தத் தொல்லை. காற்றின் வேகம் நொடிக்கு 0.1 மீட்டருக்குக் கீழே போனால், பேட்ஜின் முகத்துக்கு முன்னால் இருக்கும் ஆவி தீர்ந்துபோகும். புதிதாக வந்து சேராது. அளவு குறைத்தே காட்டும். நடமாடும் ஆளின் சட்டையில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை, மேலங்கியின் மடிப்பு அதை மூடாதவரை.

வெற்று மாதிரி

யாரும் அணியாத ஒரு பேட்ஜையும் ஒப்பிட்டுப் பார்க்க மற்றவற்றோடு அனுப்புவதுதான் இது. எடுங்கள். செலவு என்று வாதாட வேண்டாம்.

தூசி, தெளிப்புத் துளிகள்

பேட்ஜ் ஆவிக்கு மட்டும். மற்றவற்றுக்குப் பம்பைத் தூக்கிக்கொண்டு போங்கள்.