58-ல் ஓய்வா? மருத்துவச் செலவுத் திட்டத்தை 55-லேயே தொடங்குங்கள்

தனியார் வேலையில் இருக்கும்வரை கம்பெனியின் குரூப் இன்ஷூரன்ஸ் கைகொடுக்கும். பெரும்பாலும் வேலையின் கடைசி நாளோடு அதுவும் முடிந்துவிடும். பிறகு புதுப் பாலிசி எடுக்கப் போனால் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்றவற்றுக்கு 36 மாதம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். அதனால் ஓய்வு நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

படி 1: சொந்தப் பாலிசி

58-ல் ஓய்வு என்றால் 55-க்குள் எடுத்துவிடுங்கள். கம்பெனிப் பாலிசி இருக்கும்போதே காத்திருப்புக் காலம் கழிந்துவிடும். விண்ணப்பத்தில் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள். "அதையெல்லாம் எழுதாதீங்க சார், பிரீமியம் ஏறிடும்" என்று ஏஜென்ட் சொன்னால் கேட்காதீர்கள். க்ளெய்ம் மறுக்கப்பட இப்படி மறைப்பதும் ஒரு முக்கியக் காரணம். தொடர்ந்து 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்ததைக் காட்டி மறுக்க முடியாது. அதற்குள் படுத்தால்தான் வம்பு.

55 தாண்டிவிட்டதா? ஓய்வுக்கு இரண்டு மாதம் முன்பே ஹெச்.ஆரிடம் பேசி, அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேளுங்கள். குரூப் பாலிசியில் கழித்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் வரவு வைக்கப்படும். கடைசி நாள் தாண்டினால் இந்தக் கதவு மூடிவிடும்.

படி 2: மூன்று வரிகளைத் தேடுங்கள்

பாலிசித் தாளில் ரூம் வாடகை வரம்பு, கோ-பே, சப்-லிமிட் மூன்றையும் பாருங்கள். கோ-பே 20% என்றால் ஒவ்வொரு பில்லிலும் ஐந்தில் ஒரு பங்கு உங்களுடையது. சப்-லிமிட் என்பது கண்புரை, மூட்டு மாற்று போன்றவற்றுக்குத் தனியாக வைத்திருக்கும் உச்சவரம்பு.

ரூம் வாடகைதான் பலருக்கும் புரியாமல் போவது. வரம்பு நாளுக்கு 5,000 ரூபாய். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் 5 நாள் தங்குகிறீர்கள் என்று வையுங்கள். நட்டம் 15,000 மட்டும் என்று நினைப்போம். அப்படியில்லை. டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் கட்டணங்களும் அதே விகிதத்தில் வெட்டப்படும். அவை 1,60,000 என்றால் கிடைப்பது 8-ல் 5 பங்கு, அதாவது 1,00,000. ஆக மொத்தம் 75,000 உங்கள் கையிலிருந்து போகிறது. மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு கிடையாது. முடிந்தால் ரூம் வரம்பே இல்லாத பாலிசியாக எடுங்கள்; பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

படி 3: சூப்பர் டாப்-அப்

20 லட்சத்துக்கு ஒரே பாலிசி எடுப்பதைவிட, 5 லட்சம் அடிப்படைப் பாலிசியும் அதற்கு மேல் சூப்பர் டாப்-அப்பும் (வருட மொத்தச் செலவு 5 லட்சத்தைத் தாண்டினால் மீதியைத் தரும் கூடுதல் பாலிசி) பொதுவாக மலிவு. வெறும் டாப்-அப் வேண்டாம். ஒரே வருடத்தில் 4 லட்சம் வீதம் இரண்டு முறை செலவானால் அடிப்படைப் பாலிசி 5 லட்சம் தரும். மீதி 3 லட்சத்தைச் சூப்பர் டாப்-அப் தரும். சாதா டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். எதுவும் 5 லட்சத்தைத் தாண்டவில்லை என்று கைவிரித்துவிடும்.

படி 4: பிரீமியத்துக்கே ஒரு நிதி

இன்று 30,000 கட்டுகிறீர்கள், ஆண்டுக்கு 10% ஏறுகிறது என்றால் பத்தாம் வருட முடிவில் சுமார் 78,000. தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை என்பது ஓர் ஆறுதல். பென்ஷனிலிருந்து கட்டிவிடலாம் என்று நம்பிப் பிறகு எழுபது வயதில் பாலிசியைக் கைவிடுவது, பதினைந்து வருடம் கட்டியதை ஆற்றில் போட்ட கதை.

படி 5: பாலிசி தராத செலவு

மாத்திரை, லேப், கண்ணாடி, பல், காது கேட்கும் கருவி, வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஆள், டயப்பர். பெரும்பாலான பாலிசிகள் இவற்றைத் தொடுவதில்லை. ஒரு வருட பில்களை ஓர் உறையில் போட்டுக் கூட்டுங்கள். மாதம் 4,000 என்றால் ஆண்டுக்கு 48,000. மூன்று வருடத் தொகையை எஃப்.டி.யில் தனியாக வையுங்கள். அட்மிஷன் அட்வான்ஸுக்கு ஒரு லட்சம் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். எல்லாவற்றையும் தபால் நிலைய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடாதீர்கள். ஒரு வருடத்துக்குள் எடுத்தால் வட்டியே கிடையாது; ஒரு வருடத்துக்குப் பின் இரண்டு வருடத்துக்குள் எடுத்தால் 1.5%, அதற்குப் பின் ஐந்து வருடத்துக்குள் எடுத்தால் 1% பிடிப்பார்கள்.

படி 6: அரசு தருவது

ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இஎஸ்ஐ-யில் குறைந்தது ஐந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர்கள் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தமக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். இது தெரியாமலே விடுபவர்கள் நிறைய.

படி 7: ஒரு தாள்

பாலிசி எண், டிபிஏ (இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்மைக் கவனிக்கும் நிறுவனம்) தொலைபேசி எண், மாத்திரைப் பட்டியல் மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அட்வான்ஸ் பணம் உள்ள கணக்கை மனைவி அல்லது கணவர் பெயரையும் சேர்த்து 'எய்தர் ஆர் சர்வைவர்' (இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம்) என்று மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால், கணக்குக்காரரே ஐசியூவில் கிடக்கும்போது, அவர் கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே வராது.