பழைய ஷெவெலுக்கு ஸ்பிரிங் வாங்கும் முன் அதை எடை மேடையில் ஏற்றுங்கள்

சனிக்கிழமை இரவு, நேர்கோட்டுப் பந்தயம் நடக்கும் டிராக் (drag) ஸ்ட்ரிப்பில் கால் மைல் ஓட வேண்டும், திங்கட்கிழமை காலை அதே காரில் வேலைக்கும் போக வேண்டும். அமெரிக்காவில் பழைய கார் வைத்திருக்கும் பலருக்கு இருக்கும் ஆசைதான் இது. ஸ்பிரிங் மாற்றும்போதுதான் இந்த இரண்டு வேலைகளும் முட்டிக்கொள்ளும்.

உதாரணத்துக்கு 1968 ஷெவர்லே ஷெவெல் இரண்டு கதவு காரை எடுத்துக்கொள்கிறேன். முன்னும் பின்னும் சுருளான காயில் ஸ்பிரிங் என்பதால் புதிதாகக் கற்பவருக்கு வசதி. அதே காலத்துக் கமாரோவுக்குப் பின்னால் பட்டைகளாலான லீஃப் ஸ்பிரிங், டாட்ஜ் டார்ட்டுக்கு முன்னால் முறுக்குக் கம்பியான டார்ஷன் பார். அவற்றின் கைவேலை வேறு, ஆனால் எடைக் கணக்கின் அடிப்படை ஒன்றுதான்.

1. எடை

காட்டலாக்கில் "1968 ஷெவெல், வி8" என்று தேடிக் கிடைத்ததை வாங்கிவிடாதீர்கள். நான் அப்படித்தான் வாங்கினேன். வந்தது பிக் பிளாக் என்ற பெரிய வி8 இன்ஜினும் ஏசியும் உள்ள காருக்கான ஸ்பிரிங். என் காரில் இருந்ததோ ஏசி இல்லாத ஸ்மால் பிளாக். மாட்டி இறக்கியதும் முன்பக்கம் படகு மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு இன்ஜின்களுக்கும் எடையில் 50 கிலோ அளவுக்கு வித்தியாசம். ஐம்பது வருடத்துக் காரில் யார் யார் என்னென்ன மாற்றியிருப்பார்களோ! அலுமினிய ஹெட் போட்டிருக்கலாம், பேட்டரியை டிக்கிக்குக் கொண்டுபோயிருக்கலாம். பிறப்புச் சான்றிதழை வைத்து இன்றைய எடையைச் சொல்ல முடியாது.

நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் நிற்கும் இடங்களில் எடை மேடை இருக்கும். அரை டேங்க் பெட்ரோலுடன், நீங்கள் சீட்டில் உட்கார்ந்தபடி, முன் ஆக்சில் தனியாகவும் பின் ஆக்சில் தனியாகவும் எடை போடுங்கள். மொத்தம் 1,640 கிலோ, முன்னால் மட்டும் 910 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு முன் சக்கரத்துக்கு 455. இதில் சக்கரம், பிரேக் போன்றவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. அவற்றுக்கு 45 கிலோ கழித்தால், ஒரு பக்கத்து ஸ்பிரிங் தூக்க வேண்டிய உடல் எடை 410.

2. நெம்புகோல் கணக்கு

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர் மேலே இல்லை, சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் கீழ் கண்ட்ரோல் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஆர்மின் உள் போல்ட்டிலிருந்து ஸ்பிரிங்கின் நடுவுக்கு உள்ள தூரத்தை அளங்கள். அதே போல்ட்டிலிருந்து, ஆர்மின் வெளி நுனியில் உள்ள பால் ஜாயிண்ட்டுக்கு உள்ள தூரத்தையும் அளங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். அது 0.5 என்றால், சக்கரம் 2 செ.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 1 செ.மீ.தான் அமுங்கும். அதனால் 410 கிலோவைத் தாங்க ஸ்பிரிங் 820 கிலோ விசை தர வேண்டும். சக்கரத்தில் உணரும் விறைப்போ ஸ்பிரிங்கின் விறைப்பில் கால்வாசிதான், ஏனென்றால் விகிதத்தை இரண்டு முறை பெருக்க வேண்டும்.

3. விறைப்பும் உயரமும்

அமெரிக்கக் கடைகளில் விறைப்பை "ஓர் அங்குலம் அமுக்க எத்தனை பவுண்டு" என்று சொல்வார்கள். 300 பவுண்டு ஸ்பிரிங் என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு சுமார் 5.36 கிலோ. 820 கிலோ ஏறினால் அது 153 மி.மீ. அமுங்கும்.

இனி, அமுங்கிய பிறகு ஸ்பிரிங் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று தெரிய வேண்டும். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிய பிறகு, கீழ் ஆர்மை ஜாக்கால் மெல்லத் தூக்குங்கள். சக்கரத்தின் மையத்திலிருந்து, அதற்கு மேலுள்ள தகடான ஃபெண்டரின் விளிம்பு வரை நீங்கள் விரும்பும் உயரம் வந்ததும் நிறுத்தி, ஸ்பிரிங் உட்காரும் மேல் கீழ் இடங்களுக்கு நடுவே அளங்கள். 270 மி.மீ. வந்தால், வாங்க வேண்டிய 300 பவுண்டு ஸ்பிரிங்கின் தனி உயரம் (எடை ஏறாதபோது உள்ள உயரம்) 270 + 153 = 423 மி.மீ. பம்ப் ஸ்டாப்புக்கு (ஆர்ம் மேலே போய் மோதாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இதே கணக்கில் 250 பவுண்டு என்றால் 454 மி.மீ. ஸ்பிரிங் வேண்டும், 550 பவுண்டு என்றால் 354 போதும். மூன்றில் எதை மாட்டினாலும் நிற்கும்போது கார் ஒரே உயரத்தில்தான் இருக்கும். வித்தியாசம் கிளம்பும்போது தெரியும்.

எவ்வளவு என்று பார்ப்போம். இந்தக் காரின் வீல்பேஸ், அதாவது முன் பின் ஆக்சில்களுக்கு நடுவே உள்ள தூரம், 2,845 மி.மீ. புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 530 மி.மீ. என்று எடுத்துக்கொண்டு, 1 ஜி வேகமெடுப்பில் (புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமம்) கிளம்பினால், முன்னாலிருந்து பின்னால் போகும் எடை 1,640 × 530 ÷ 2,845, அதாவது சுமார் 305 கிலோ. ஒரு பக்கத்துக்கு 150 கிலோ குறைகிறது. சக்கரத்தில் விறைப்பு கால்வாசிதான் என்பதால், 550 பவுண்டு ஸ்பிரிங் போட்ட காரின் முன்பக்கம் 61 மி.மீ. நிமிரும். 300 பவுண்டில் 112, 250 பவுண்டில் 134. ஷாக் அப்சார்பர் அவ்வளவு நீள இடம் கொடுத்தால் மட்டும்.

இந்தச் சூத்திரத்தில் ஸ்பிரிங் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? "மென்மையான ஸ்பிரிங் போட்டால் எடை அதிகமாகப் பின்னால் போகும்" என்று ஸ்ட்ரிப்பில் பலர் சொல்வார்கள். எடை, மையத்தின் உயரம், வீல்பேஸ், வேகமெடுப்பு ஆகியவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. முன்பக்கம் நிமிர்வதால் மையம் கொஞ்சம் உயரும், அதனால் கிடைப்பது சொற்பம். (1960களின் 'காஸர்' எனும் டிராக் பந்தயக் கார்கள் எப்போதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது அந்த உயரத்துக்காகத்தான்.) பின் டயர்மேல் எடை எப்படி வந்து இறங்குகிறது என்பதில்தான் ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் வேலை. முன்பக்கம் சட்டென்று ஏறி ஷாக்கின் எல்லையில் 'டொக்' என்று மோதினால், அந்த அதிர்ச்சியில் பின் டயர் பிடியை விட்டுச் சுழலும்.

என் கருத்து இது: தெருவிலும் ஓடும் காருக்கு 300ஐ ஒட்டிய விறைப்பு எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தை விரியும் வேகத்தைத் திருகி மாற்றக்கூடிய நல்ல முன் ஷாக்குக்குச் செலவழியுங்கள். டிராக் பந்தயத்துக்காக மட்டும் வரும் உயரமான மென்மையான ஸ்பிரிங்கில் பிரேக் பிடித்தால் மூக்கு தரையைப் பார்க்கும். எளிதில் விரிந்து கஷ்டப்பட்டு அமுங்கும் '90/10' ஷாக்கும் சாலைக்கு ஆகாது. ஆறு சிலிண்டர் காரின் ஸ்பிரிங்கை வி8 காரில் மாட்டுவது பழைய கைப்பழக்கம். 1979–93 மஸ்டாங்கில் நாலு சிலிண்டர் ஸ்பிரிங் போடுவார்கள். மலிவுதான், ஆனால் கார் தாழ்ந்து உட்காரும். பம்ப் ஸ்டாப் இடைவெளியைப் பாருங்கள்.

சுற்றை வெட்டிக் குறைக்கலாமா? வேலை செய்யும் 8 சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 14 சதவீதம் கூடிவிடும். உயரம் மட்டும் குறையும் என்று நினைக்காதீர்கள். தீயால் சூடுபடுத்தித் தாழ்த்துவது மட்டும் வேண்டவே வேண்டாம், எஃகின் பதம் போய்விடும்.

4. பின்பக்கம்

இங்கே ஸ்பிரிங் ஆக்சில் மேலேயே உட்காருவதால் விகிதக் கணக்கு கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று. கிளம்பும்போது டிரைவ் ஷாஃப்ட்டின் முறுக்கு வலது பின் டயரைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கும். அதற்காக வலது ஸ்பிரிங்குக்குள் காற்றுப் பையை வைத்து, இடதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காற்றடிப்பார்கள். ஸ்ட்ரிப்பிலிருந்து கிளம்பும் முன் அதை இறக்கிவிடலாம். தெருவுக்கும் ஸ்ட்ரிப்புக்கும் இவ்வளவு சுலபமாகப் பொருந்தும் வேறு பொருளை நான் பார்க்கவில்லை.

5. மாட்டும்போது

300 பவுண்டு ஸ்பிரிங்கை 5 அங்குலம் அமுக்கினால் அதில் 400 ஜூலுக்கு மேல் தேங்கி நிற்கும். 40 கிலோ மூட்டை ஒன்று ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஆகவே காரை ஸ்டாண்டில் நிறுத்தி, ஜாக்கைக் கீழ் ஆர்முக்கு அடியில் வைத்து, ஸ்பிரிங்குக்கு உள்ளே மாட்டி அதை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸரைப் பயன்படுத்தி, ஸ்பிரிங்கைச் சங்கிலியால் ஃபிரேமோடு கட்டிவிடுங்கள். பால் ஜாயிண்ட் நட்டைத் தளர்த்தலாம். ஜாயிண்ட் விடுபட்ட பிறகும், ஜாக் ஆர்மைத் தாங்கும் முன் நட்டை முழுதாகக் கழற்றாதீர்கள்.

கீழ் ஆர்மில் ஸ்பிரிங் உட்காரும் குழியில் தண்ணீர் வடிய இரண்டு துளைகள் இருக்கும். ஸ்பிரிங்கின் நுனி ஒரு துளையை மூட வேண்டும், மற்றது திறந்தோ பாதி திறந்தோ இருக்க வேண்டும். இது சரியாக உட்காராவிட்டால் கார் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், நீங்கள் ஸ்பிரிங்கைக் குறை சொல்வீர்கள்.

ஆர்மின் உள் முனையிலுள்ள ரப்பர் புஷ் போல்ட்டுகளை, சக்கரம் தரையில் நின்று கார் தன் எடையில் இருக்கும்போது மட்டும் முழுதாக இறுக்குங்கள். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு காரைத் தூக்கிப் பிடிக்கும், சீக்கிரம் கிழிந்தும் போகும். அப்புறம் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, ஸ்பிரிங் கொஞ்சம் தாழ்ந்து நிலைத்ததும் வீல் அலைன்மென்ட் செய்யுங்கள்.

ஸ்ட்ரிப்பில் முடிவு நேரத்தைவிட முதல் 60 அடி, அதாவது 18.3 மீட்டருக்கு ஆகும் நேரத்தைப் பாருங்கள். ஒரு நண்பரைப் பக்கவாட்டில் நின்று வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஷாக்கை ஒரு திருகு மட்டும் மாற்றி, டயர் காற்றை அப்படியே வைத்து, மறுபடி ஓடி வாருங்கள்.