இரண்டு கிட்டார் ஸ்பீக்கர்களை நியாயமாக ஒப்பிட்டுக் கேட்பது எப்படி?

கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கரை மாற்ற விரும்புகிறவர்கள் காந்தத்தின் வகை, வாட் அளவு, தயாரிப்பு நாடு ஆகியவற்றைப் பற்றியே அதிகம் விசாரிக்கிறார்கள். ஆனால் இரண்டு ஸ்பீக்கர்களை அடுத்தடுத்துக் கேட்கும்போது முடிவைத் தீர்மானித்துவிடுவது பெரும்பாலும் இவற்றில் எதுவும் அல்ல; எது சற்று உரக்க ஒலிக்கிறது என்பதுதான். சத்தம் கூடக் கூட மனிதக் காது பேஸையும் ட்ரெபிளையும் முன்பைவிட நிறைவாக உணர்கிறது. அதனால் இரண்டு டெசிபெல் உரக்க ஒலிக்கும் ஸ்பீக்கர், உண்மையில் தெளிவில் பின்தங்கியதாக இருந்தாலும், கேட்பவருக்குத் தெளிவானதாகவே தோன்றும். இந்த மயக்கத்தை விலக்காமல் செய்யப்படும் எந்த ஒப்பீட்டையும் நம்பிப் பணம் செலவழிப்பது சரியல்ல.

எடுத்துக்காட்டாக, செலஸ்டியன் நிறுவனத்தின் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்களைப் பார்ப்போம். ஜி12எம் கிரீன்பேக் 25 வாட் தாங்கக்கூடியது. அதன் உணர்திறன் 98 டெசிபெல். அதாவது ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தொலைவில் அளந்தால் கிடைக்கும் ஒலி அளவு அது. வின்டேஜ் 30 என்ற மாடல் 60 வாட் தாங்கும். அதன் உணர்திறன் 100 டெசிபெல். பெயரில் உள்ள 30 என்ற எண்ணை வாட் என்று எண்ணிக் குழம்புகிறவர்கள் பலர். இரண்டுக்கும் இடையே உள்ள 2 டெசிபெல் தாளில் சிறிதாகத் தெரிகிறது. ஆனால் வின்டேஜ் 30 மாடலுக்கு 15 வாட் கொடுத்தால் வரும் அளவுக்குக் கிரீன்பேக்கை ஒலிக்கச் செய்யச் சுமார் 24 வாட் தேவைப்படும். வேறுபாடு 3 டெசிபெல் என்றால் ஆம்ப்பின் ஆற்றலை இரட்டிப்பாக்க வேண்டும். எனவே ஆம்ப்பின் குமிழ்களைத் தொடாமல் ஸ்பீக்கரை மட்டும் மாற்றிக் கேட்பது, கேட்க நியாயமான முறையாகத் தோன்றினாலும், ஒன்றுக்குச் சலுகை கொடுத்துவிட்டுப் போட்டி நடத்துவதேயாகும்.

ஒப்பீட்டைத் தொடங்கும் முன் சில பாதுகாப்பு விஷயங்களை உறுதிசெய்துகொள்ள வேண்டும். முதலாவது ஓம் அளவு. கிட்டார் ஸ்பீக்கர்கள் பொதுவாக 4, 8, 16 ஓம் அளவுகளில் வருகின்றன. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஏறத்தாழ 6 முதல் 7 ஓம் வரை காட்டும். அது பழுதல்ல, மீட்டர் நேர்மின்னோட்டத் தடையை மட்டுமே அளக்கிறது. வால்வு ஆம்ப்பில் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எதிர்பார்க்கும் ஓம் அளவும் ஸ்பீக்கரின் ஓம் அளவும் பொருந்த வேண்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் வால்வு ஆம்ப்பை ஒருபோதும் இயக்கிப் பார்க்கக் கூடாது, டிரான்ஸ்பார்மர் பழுதாகிவிடக்கூடும். டிரான்சிஸ்டர் ஆம்ப்பில், குறிப்பிட்டிருக்கும் குறைந்தபட்ச ஓம் அளவுக்குக் கீழே போகாமல் இருந்தால் போதும். இரண்டாவது, ஸ்பீக்கர் தாங்கும் ஆற்றல். வால்வு ஆம்ப் முழுமையாக டிஸ்டார்ட் ஆகும்போது (ஒலி கரகரப்பாகச் சிதையும்போது) அட்டையில் குறித்த வாட்டைக் காட்டிலும் கூடுதலாக வெளியிடும் என்பதால், தாங்குதிறனில் தாராளமான இடைவெளி வைப்பது நல்லது. மூன்றாவது, ஆம்ப்பிலிருந்து கேபினெட்டுக்கு, அதாவது ஸ்பீக்கர் பொருத்திய பெட்டிக்குப் போகும் கேபிள் ஸ்பீக்கர் கேபிளாக இருக்க வேண்டும். கிட்டாரை இணைக்கும் கேபிளை அங்கே பயன்படுத்தக் கூடாது.

ஸ்பீக்கர்கள் இரண்டும் ஒரே கேபினெட்டில் ஒலிக்க வேண்டும். அல்லது ஒரே அளவும் ஒரே மரமும் கொண்ட இரட்டைக் கேபினெட்டுகளில் ஒலிக்க வேண்டும். பின்புறம் திறந்த கேபினெட்டில் கூம்பின் பின்னாலிருந்து வெளிவரும் ஒலி முன்பக்க ஒலியுடன் கலந்து பேஸின் ஒரு பகுதியை அழித்துவிடும். மூடிய கேபினெட்டில் அது நடக்காது. ஒன்றை ஃபெண்டர் வகைத் திறந்த காம்போவிலும் (ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பது) மற்றொன்றை மார்ஷல் வகை மூடிய பெட்டியிலும் கேட்டுவிட்டு, எதில் பேஸ் அதிகம் என்று முடிவுசெய்தால், அது ஸ்பீக்கர்களைப் பற்றிய முடிவே அல்ல. கேபினெட்டைத் தரையில் வைப்பதா, நாற்காலியில் வைப்பதா, சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பதா என்பதும் பேஸை வெகுவாக மாற்றும். ஆகவே இடத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரைப் பொருத்தும்போது திருகுகளை எதிரெதிராகச் சீராக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அளவுக்கு மீறி இறுக்கினால் சட்டகம் வளைந்து, கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் உரசத் தொடங்கலாம்.

புதிய ஸ்பீக்கரின் கூம்பும் அதன் விளிம்பும் விறைப்பாக இருக்கும். சில மணி நேரம் நல்ல சத்தத்தில் வாசித்த பிறகே அது இளகி, ட்ரெபிளின் கூர்மை சற்றுத் தணியும். ஆகவே பெட்டியிலிருந்து எடுத்த கையோடு, ஆண்டுக்கணக்கில் வாசிக்கப்பட்ட ஸ்பீக்கருடன் அதை ஒப்பிட்டுக் கருத்துச் சொல்வது அவசரம். பழைய ஸ்பீக்கரை வாங்குவதானால் வேறொரு சோதனையும் தேவை. கூம்பின் நடுவிலிருந்து சம தூரத்தில் இரு கைவிரல்களையும் வைத்து மிக மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். மணல் உரசுவது போன்ற சன்னமான ஓசை கேட்டால் வாய்ஸ் காயில் இடம் மாறியிருக்கிறது என்று பொருள். அத்தகைய ஸ்பீக்கரின் டோனைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

இனி சத்தத்தைச் சமப்படுத்தும் வேலை. லூப்பர் பெடல் ஒன்றில் அரை நிமிட வாசிப்பைப் பதிவுசெய்துகொண்டு, அதையே ஆம்ப்புக்குத் திரும்பத் திரும்ப அனுப்புவதுதான் சிறந்த வழி. கையால் வாசித்தால், எதிர்பார்க்கும் டோனை வரவழைக்க விரல்கள் தாமாகவே அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும்; தேர்ந்த கலைஞர்களின் விரல்கள் இதை இன்னும் விரைவாகச் செய்யும். கேபினெட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் கைப்பேசியை நிறுத்தி, ஒலி அளவு காட்டும் செயலியை, பேஸையும் சேர்த்துக் கணக்கிடும் சி வகை (C-weighting) அளவீட்டில் வைத்து, லூப் ஒருமுறை முழுதாக ஓடி முடியும்போது கிடைக்கும் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஸ்பீக்கருக்கு அதே சராசரி வரும்படி ஆம்ப்பைத் திருத்துங்கள். அரை டெசிபெல்லுக்குள் கொண்டுவர முடிந்தால் மிகவும் நல்லது. திருத்தும்போது ஆம்ப்பின் மொத்தச் சத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாஸ்டர் வால்யூமை மட்டும் தொட வேண்டும். மாஸ்டர் இல்லாத பழைய வகை ஆம்ப்பில் வால்யூமைக் கூட்டினால் டிஸ்டார்ஷனும் கூடிவிடும் என்பதால், அங்கே டிஸ்டார்ஷன் இல்லாத கிளீன் டோனில் மட்டும் ஒப்பிடுவதோ, ஸ்பீக்கருக்குப் போகும் ஆற்றலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒன்றை இடையில் வைப்பதோ சரியான வழி. பவர் வால்வுகளே டிஸ்டார்ட் ஆகும் அளவுக்கு ஓட்டும் ஆம்ப்பில் மாஸ்டரும் டோனை மாற்றும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எதைக் கேட்பது என்பதற்கு வருவோம். டோன், தெளிவு என்ற இரண்டையும் தனித்தனியே கேட்டுப் பழகுவது பெரிதும் உதவும். டோன் என்பது பேஸ், மிட், ட்ரெபிள் ஆகியவற்றின் சமநிலையும் கூம்பு தன் வடிவத்தால் சேர்க்கும் நிறமுமாகும். ஹைஃபை ஸ்பீக்கரைப் போலக் கிட்டார் ஸ்பீக்கர் எல்லா அதிர்வெண்களையும் சமமாக வெளியிட முயல்வதில்லை. அதன் எல்லை சுமார் 75 ஹெர்ட்ஸிலிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேல் ஒலி விரைவாகக் குறைந்துவிடுவதால்தான் டிஸ்டார்ஷனின் கரகரப்பு காதுக்கு இதமாகிறது. மேல் மிட்டில் காகிதக் கூம்பு ஒரே தகடாக அசையாமல் பகுதி பகுதியாக அதிரத் தொடங்கும். ஒவ்வொரு மாடலின் குரலும் பிறப்பது அங்கேதான்.

தெளிவு என்பது வேறு. ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களைக் காது தனித்தனியே பிரித்தறிய முடிகிறதா, மீட்டிய கணம் துல்லியமாகக் கேட்கிறதா, தந்தியை நிறுத்தியதும் ஒலியும் நிற்கிறதா என்பவை தெளிவைக் காட்டும். ட்ரெபிள் அதிகமாக இருப்பதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்வதே இத்துறையில் மிகப் பரவலான தவறு என்பது என் உறுதியான கருத்து. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஆம்ப்பில் டிஸ்டார்ஷனைக் கூட்டும் கெயின் குமிழை நடுத்தரமாக வைத்து, ஆறு தந்திகளிலும் ஜி மேஜர் கார்டை ஒருமுறை மீட்டி அப்படியே ஒலிக்க விடுங்கள். அதில் ஐந்தாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் இருக்கும் பி என்ற சுரத்தை மட்டும் காதால் தேடுங்கள். கீழ்ப்பகுதியில் அமர்ந்திருக்கும் மேஜர் மூன்றாம் சுரமாகையால், டிஸ்டார்ஷனில் முதலில் கலங்குவது அதுதான். அந்தச் சுரத்தின் சுருதியை ஒரு ஸ்பீக்கரில் வாயால் பாடிக் காட்ட முடிந்து, மற்றொன்றில் அது வெறும் இரைச்சலில் கரைந்துவிட்டால், ட்ரெபிள் எதில் அதிகம் என்பதைப் பொருட்படுத்தாமல் முன்னதே தெளிவானது என்று சொல்லிவிடலாம்.

பேஸுக்கு, 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஆறாம் தந்தியைத் திறந்த நிலையில் மீட்டியும், பிறகு உள்ளங்கையால் அடக்கி வாசித்தும் பாருங்கள். அடக்கி வாசிக்கும்போது ஒவ்வொரு தட்டும் தனியாக விழ வேண்டும். ஒன்றுக்குப் பின்னால் மற்றொன்று இழுபட்டால் பேஸ் தளர்வாக இருக்கிறது. கிட்டாரின் வால்யூமைப் பாதியாகக் குறைத்தும் வாசித்துப் பாருங்கள். நல்ல ஸ்பீக்கரில் அப்போதும் மீட்டும் கணத்தின் வடிவம் கெடாமல் இருக்கும்.

கேட்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 12 அங்குலக் கூம்பு ட்ரெபிளை விளக்கு வெளிச்சம் போல நேர் எதிரே குவித்து அனுப்புகிறது. நேர் எதிரே குனிந்து கேட்டால் காதைக் கிழிக்கும் ஸ்பீக்கர், இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தால் மங்கலாகிவிடும். காம்போவைத் தரையில் வைத்து முழங்காலுக்குத்தான் வாசிக்கிறோம். காது எப்போதும் அச்சுக்கு வெளியேதான் இருக்கிறது. ஆகவே எதிரே, பக்கவாட்டில், அறையின் மறு கோடியில் என்று மூன்று இடங்களிலும் ஒரே லூப்பைக் கேளுங்கள். இடத்துக்கு இடம் டோன் குறைவாக மாறும் ஸ்பீக்கருக்கே மேடையில் மதிப்பு அதிகம்.

ஸ்பீக்கரைக் கழற்றி மாட்டும் பத்து நிமிடத்தில் முந்தைய ஒலியின் நினைவு மங்கிவிடும். இதற்குத் தீர்வு ஒலிப்பதிவு. ஷுர் எஸ்எம்57 போன்ற மைக் ஒன்றை, டஸ்ட் கேப்பும் (கூம்பின் நடுவில் உள்ள மூடி) கூம்பும் சேரும் இடத்துக்கு நேராக, முன் துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்துப் பதிவுசெய்து, பிறகு கணினியில் இரண்டு பதிவுகளின் சத்தத்தையும் சமப்படுத்திக் கேளுங்கள். மைக்கை ஓரிரு சென்டிமீட்டர் நகர்த்தினாலே டோன் மாறிவிடுவதால், ஸ்டாண்டின் கால்களும் மைக்கின் உயரமும் அசையாமல் இருக்க வேண்டும். பதிவுகளுக்குப் பெயர் தெரியாதபடி நண்பர் ஒருவரை எண் இடச் சொல்லி, எது எது என்று தெரியாமல் கேட்பதே நேர்மையான தீர்ப்புக்கு வழி.

தனியாகக் கேட்டு முடித்த பிறகு, அதே பதிவுகளை டிரம், பேஸ் கிட்டார் தடங்களுடன் சேர்த்துக் கேளுங்கள். இங்கே முடிவு பலமுறை தலைகீழாகும். மார்ஷல் 1960ஏ கேபினெட்டில் நான்காக வரும் ஜி12டி-75, தனியாகக் கேட்கும்போது அகலமான பேஸும் பளிச்சென்ற ட்ரெபிளுமாக நிறைவாக ஒலிக்கும். மிட் பின்வாங்கியிருப்பதால் குழுவோடு சேரும்போது அது பின்னால் போய்விடக்கூடும். வின்டேஜ் 30 மாடலின் மேல் மிட் எழுச்சி தனி அறையில் முரட்டுத்தனமாகத் தோன்றினாலும் டிரம் சத்தத்தை ஊடுருவி வெளியே வருவது அதனால்தான். முழுக்க முழுக்கக் கிளீன் டோன் வேண்டுவோர் 200 வாட் தாங்கும் எலெக்ட்ரோ-வாய்ஸ் ஈவிஎம்12எல் வகையை நாடுவதும், கூம்பே சற்று நெகிழ்ந்து கொடுக்கும் இதத்தை விரும்புவோர் 1960களின் வாக்ஸ் ஏசி30 ஆம்ப்பில் இரண்டாக இருந்த 15 வாட் செலஸ்டியன் அல்னிகோ புளூ வகையை (அல்னிகோ என்பது காந்தத்தின் வகை) நாடுவதும் இயல்பு. இவற்றில் ஒன்று மற்றொன்றைவிட மேலானதல்ல. உங்கள் இசைக்கு வேண்டியது எது என்பதே கேள்வி.

இரண்டையும் விட்டுவிட மனம் வரவில்லையென்றால், இரண்டு ஸ்பீக்கர் கேபினெட்டில் ஒன்றோடொன்று சேர்த்து வைக்கலாம். அப்போது ஓம் அளவு இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பேரலலில் இணைத்தால் 4 ஓம், சீரிஸில் இணைத்தால் 16 ஓம் கிடைக்கும். துருவம் பொருந்துகிறதா என்று பார்க்க, ஒன்றரை வோல்ட் பேட்டரியின் நேர்முனையை ஸ்பீக்கரின் நேர்முனையிலும் எதிர்முனையை எதிர்முனையிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள்; கூம்பு முன்னோக்கி அசைய வேண்டும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் இது பின்னோக்கி அசையும் என்பதால் கம்பிகளை மாற்றி இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் எதிரெதிராக இயங்கிப் பேஸ் காணாமல் போய்விடும். ஆற்றல் இரண்டுக்கும் சமமாகப் பிரிவதால், கேபினெட்டின் தாங்குதிறனைக் கணக்கிடும்போது பலவீனமான ஸ்பீக்கரின் வாட்டை இரண்டால் பெருக்குங்கள். கிரீன்பேக்கையும் வின்டேஜ் 30 ஸ்பீக்கரையும் சேர்த்த கேபினெட்டின் எல்லை 85 வாட் அல்ல, 50 வாட்.