இலவச இன்டர்நெட் போன் நின்றுபோகும் முன் செய்ய வேண்டியவை

ஜிமெயிலைத் திறந்து வைத்துக்கொண்டே அமெரிக்கா, கனடாவில் உள்ள எந்த நம்பரையும் காசில்லாமல் கூப்பிடலாம் என்று 2010 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. கூடவே ஒரு வரி சேர்த்திருந்தது: இந்த ஆண்டு முடியும் வரை. டிசம்பர் வந்தது, 2011 முழுக்க இலவசம் என்றார்கள். அடுத்து 2012, அதற்கடுத்து 2013. அதை நம்பி வேறு போன் வைத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒவ்வொரு வருடக் கடைசியும் இழுபறிதான்.

இலவச போன் சேவை எதை எடுத்தாலும் ஏறக்குறைய இதே நிலைதான். என்ன, பல பேர் தேதிகூடச் சொல்வதில்லை. அதனால் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்ல வரவில்லை, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிறரைக் கூப்பிடுவது வேறு, பிறர் உங்களைக் கூப்பிடும் நம்பர் வேறு. கூப்பிடும் வசதி நாளைக்கே போனாலும் வேறு ஆப் ஒன்றைப் போட்டு அரை மணி நேரத்தில் பேச ஆரம்பித்துவிடலாம். நம்பர் போனால் அப்படி முடியாது. அது எத்தனை பேர் போனில் பதிவாகியிருக்கிறது, எத்தனை கணக்குகளோடு கட்டப்பட்டிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியாது. கீழே சொல்லப்போவதில் பாதிக்கு மேல் அந்த நம்பரைப் பற்றித்தான்.

எது முதலில் நிற்கும்

ஆப்பிலிருந்து ஆப்புக்குப் பேசினால் குரல் முழுக்க இணையத்தில்தான் போகிறது, நடத்துபவருக்கு சர்வர் செலவோடு சரி. சாதாரண போன் நம்பருக்குப் பேசினால் கதை வேறு. அழைப்பு போய்ச் சேரும் தொலைபேசி நிறுவனத்துக்குப் பெரும்பாலும் நிமிடக் கணக்கில் யாராவது காசு கட்டியாக வேண்டும். நீங்கள் கட்டவில்லை என்றால் சேவை நடத்துபவர் கட்டுகிறார். அந்தக் காசை விளம்பரத்தில் எடுக்கிறாரா, கட்டணத் திட்டம் வாங்கியவர்களிடம் எடுக்கிறாரா, இல்லை முதலீட்டாளர் பணத்தைக் கரைத்துக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். மூன்றாவது என்றால் நாட்கள் எண்ணப்படுகின்றன. இலவசமாக நம்பர் தருபவர்களில் சிலர், அந்த நம்பருக்கு வரும் அழைப்புகளுக்காக மற்ற நிறுவனங்கள் கட்டும் இணைப்புக் கட்டணத்தில் பிழைக்கிறார்கள். அந்தக் கட்டணத்தை அரசு ஒழுங்குமுறை அமைப்பு குறைத்துவிட்டால் இலவசமும் போய்விடும்.

எவ்வளவு நாள் முன்னால் சொல்வார்கள்? மைக்ரோசாஃப்ட் ஸ்கைப்பை நிறுத்தப்போவதாக 2025 பிப்ரவரி 28 அன்று சொன்னது, மே 5 அன்று நிறுத்திவிட்டது. 2003இலிருந்து ஓடிய சேவைக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மாதம் சொச்சம். அதற்கும் முன்பு கிஸ்மோ5 என்று ஒரு இன்டர்நெட் போன் சேவை இருந்தது. கூகுள் 2009இல் அதை வாங்கி, 2011 மார்ச்சில் பயனர்களுக்கு அறிவிப்பு அனுப்பி, ஏப்ரல் 3 அன்று மூடியது. சன்ராக்கெட் இலவசமே கிடையாது, வருடச் சந்தா கட்டும் அமெரிக்க இன்டர்நெட் போன் நிறுவனம். 2007 ஜூலையில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களை அப்படியே விட்டுவிட்டு இழுத்து மூடினார்கள். காசு கட்டினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் இந்தக் கடைசி ஒன்றை மறக்க வேண்டாம். ஆக உங்கள் திட்டம் ஒரு மாதத்துக்குள் முடிக்கக் கூடியதாக இருக்க வேண்டும், அதில் முக்கியமான பகுதி இன்றைக்கே முடிந்திருக்க வேண்டும்.

அந்த நம்பர் எங்கெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது

இதுதான் சலிப்பான வேலை, அதனால்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். பாஸ்வேர்டு மேலாளர் வைத்திருந்தால் அதைத் திறந்து மேலிருந்து கீழே ஒவ்வொரு கணக்காகப் போங்கள். இல்லையென்றால் மின்னஞ்சலில் 'சரிபார்ப்பு', 'வெரிஃபிகேஷன்' போன்ற சொற்களைத் தேடினால் பழைய கணக்குகள் வரிசையாக வந்து நிற்கும். போன் ஆப்பில் வந்திருக்கும் எஸ்எம்எஸ்களையும் ஒருமுறை கடைசி வரை உருட்டிப் பாருங்கள், ஓடிபி அனுப்பியவர்கள் எல்லோரும் அங்கே இருப்பார்கள். வங்கி, மின்னஞ்சல், வரி, காப்பீடு, மருத்துவமனை, பிள்ளைகளின் பள்ளி என்று முக்கியமானவற்றை ஒரு தாளில் எழுதுங்கள்.

எழுதியதும் ஓடிபி விஷயத்தை முதலில் கவனியுங்கள். எங்கெல்லாம் முடியுமோ அங்கெல்லாம் எஸ்எம்எஸ் ஓடிபியை எடுத்துவிட்டு, முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கம் காட்டும் ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாற்றுங்கள். அதற்கு போன் நம்பரும் வேண்டாம், அந்த நேரத்தில் நெட்டும் வேண்டாம். மாற்றும்போது தரும் பேக்கப் கோடுகளை எடுத்து, போனில் மட்டும் வைக்காமல் வேறு இடத்திலும் வையுங்கள். எஸ்எம்எஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் வங்கிகளுக்கு உண்மையான சிம் நம்பரைக் கொடுத்துவிடுங்கள். இணைய நம்பர்களுக்கு ஓடிபி அனுப்ப மறுக்கும் நிறுவனங்கள் நிறைய. இன்று வருகிறது என்பதற்காக நாளையும் வரும் என்று எண்ண வேண்டாம்.

எல்லாவற்றையும் விட மோசமான சிக்கல் ஒன்று உண்டு. போன் சேவைக் கணக்கைத் திறக்க மின்னஞ்சல் வேண்டும், அந்த மின்னஞ்சலை மீட்க இதே போன் நம்பருக்கு ஓடிபி வர வேண்டும். இந்த முடிச்சு உங்களிடம் இருந்தால், இதை மேலே படிக்கும் முன் போய் மாற்றிவிட்டு வாருங்கள்.

நம்பரை எடுத்துக்கொண்டு போக முடியுமா

நம்பர் மாறாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றுவதுதான் போர்ட்டிங். இலவச நம்பர் எல்லாவற்றையும் போர்ட் செய்ய முடியாது. சிலர் தரும் நம்பர் அவர்கள் வேறொருவரிடம் மொத்தமாக வாடகைக்கு எடுத்தது, அதை வெளியே விடுவதா என்பதை அந்த வேறொருவர்தான் முடிவு செய்வார். ஒரு நாட்டின் நம்பரை இன்னொரு நாட்டு நிறுவனத்துக்குச் சிம்மாக மாற்றவும் முடியாது, அந்த நாட்டு நம்பரைக் கையாளும் இணைய போன் நிறுவனம் ஒன்றிடம்தான் ஒப்படைக்க வேண்டியிருக்கும். ஆகவே உதவிப் பக்கத்தில் போர்ட் அவுட் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று இப்போதே படியுங்கள். ஒன்றுமே எழுதவில்லை என்றால் கேட்டு எழுதுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். 'முடியாது' என்று பதில் வந்தால் அதுவும் நல்லதுதான், அந்த நம்பரைப் புதிதாக யாருக்கும் கொடுக்காமல் இருக்கலாம்.

முடியும் என்றால் நினைவில் வைக்க வேண்டியது: பழைய கணக்கை நீங்களாக மூடாதீர்கள். நிறைய பேர் நம்பரை இழப்பது இந்த இடத்தில்தான். புதிய இடத்தில் சேர்ந்த கையோடு பழையதை ரத்து செய்கிறார்கள், ரத்தான உடனே நம்பர் பொதுக் குவியலுக்குப் போய்விடுகிறது, போர்ட் செய்ய அங்கே ஒன்றும் மிஞ்சுவதில்லை. புதிய நிறுவனத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், அவர்கள் பழைய இடத்திலிருந்து இழுத்துக்கொள்வார்கள். அதற்குக் கணக்கு எண், போர்ட் பின் (பழைய நிறுவனம் தரும் ரகசிய எண்), பதிவு செய்த பெயர், முகவரி எல்லாம் கேட்பார்கள். இலவசக் கணக்கு தொடங்கும்போது அவசரத்தில் பெயரில் ஏதோ அடித்து வைத்திருப்போம், இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால் இருக்கும், இன்னொரு இடத்தில் பின்னால் இருக்கும், முகவரி மூன்று வீட்டுக்கு முந்தையதாக இருக்கும். விண்ணப்பம் திரும்பி வருவதற்கு இவ்வளவு போதும். கணக்கில் உள்ள விவரங்களைச் சரி செய்ய இதுவே நேரம், சேவை மூடப்படும் கடைசி வாரத்தில் வாடிக்கையாளர் உதவிக்கு யாரும் எடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று, பயன்படுத்தாத நம்பரைச் சேவை நடத்துபவர்களே திரும்ப எடுத்துக்கொள்வதும் உண்டு. அதற்குச் சேவை நிற்க வேண்டிய அவசியமே இல்லை, சில மாதங்கள் நீங்கள் அழைப்போ செய்தியோ அனுப்பாமல் இருந்தால் போதும். அவ்வப்போது ஒரு அழைப்பு செய்ய நாட்காட்டியில் நினைவூட்டல் போடுங்கள்.

மாற்று ஒன்றைத் தயாராக வைப்பது

ஆப்பிலேயே பேசுகிறவர்களுக்கு மாற்று சுலபம். உங்கள் வட்டத்தில் எல்லோரும் இருக்கும் இரண்டாவது ஆப் எது என்று கேட்டு முடிவு செய்து, அதில் ஒரு குழு தொடங்கி வைத்துவிடுங்கள், வேலை முடிந்தது. வயதானவர்கள் இருந்தால் மட்டும் அவர்கள் போனில் நீங்களே போட்டுக் கொடுத்து, ஒருமுறை அவர்களே கூப்பிடும்படி செய்யுங்கள். மூடிய பிறகு தொலைவிலிருந்து சொல்லிக் கொடுப்பது பெரும்பாடு, ஏனென்றால் சொல்லிக் கொடுப்பதற்கான போனே அதுதானே.

வீட்டு போனை அடாப்டர் வழியாக இணையத்தில் இணைத்திருப்பவர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அடாப்டர் ஒரே நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டதா என்று பாருங்கள். பூட்டப்பட்டது என்றால் சேவை நிற்கும் நாளில் அது வெறும் பிளாஸ்டிக் பெட்டி. இணைய அழைப்புகளை இணைக்க எல்லா நிறுவனங்களும் பயன்படுத்தக் கூடிய சிப் (SIP) எனப்படும் பொது நெறிமுறை 2002இலேயே தரப்படுத்தப்பட்டுவிட்டது. அதைப் பேசும், பூட்டில்லாத அடாப்டர் என்றால் நிறுவனத்தை மாற்றுவது மூன்று கட்டங்களை நிரப்பும் வேலைதான்: சர்வர் முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு. கூகுளின் இணைய போன் சேவையான கூகுள் வாய்ஸை ஓபி (OBi) என்ற அடாப்டர் பெட்டிகளில் போட்டுப் பேசியவர்களிடம் கேட்டால் தெரியும். வெளியார் கருவிகளும் ஆப்களும் பயன்படுத்திய வழியை 2014 மே 15 அன்று அடைக்கப்போவதாக முந்தைய அக்டோபரில் சொன்னார்கள். அந்த வருடமே அதிகாரபூர்வ ஆதரவு திரும்ப வந்தது, ஆனால் இடைப்பட்ட மாதங்களில் கவலையில்லாமல் இருக்க முடிந்தவர்கள் அதே பெட்டியில் வேறொரு சிப் கணக்கையும் போட்டு வைத்திருந்தவர்கள்தான்.

அதைத்தான் நீங்களும் செய்ய வேண்டும். அடாப்டரில் இரண்டாவது கணக்குக்கு இடம் இருந்தால், பேசினால் மட்டும் காசு எடுக்கும் சிப் நிறுவனம் ஒன்றில் கணக்கு தொடங்கி அதில் போடுங்கள். அடாப்டர் இல்லையென்றால் போனில் ஒரு சிப் ஆப் போதும். போட்டதும் ஒரு சோதனை செய்யுங்கள். பல நிறுவனங்கள் எக்கோ டெஸ்ட் நம்பர் வைத்திருக்கின்றன, கூப்பிட்டு 'ஹலோ' என்றால் உங்கள் குரலே திரும்பி வரும். அழைப்பு இணைகிறது, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை என்றால் பயப்பட வேண்டாம், ரூட்டர் செட்டிங்ஸில் 'சிப் ஏஎல்ஜி' (SIP ALG) என்று ஒன்று இருக்கும், உதவி செய்வதாக நினைத்துக் கெடுத்துக்கொண்டிருக்கும், அதை அணைத்துப் பாருங்கள். பிறகு யாரையாவது உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள், போனைத் தொடாமல் பத்து நிமிடம் விட்டு இன்னொரு முறை கூப்பிடச் சொல்லுங்கள். முதல் அழைப்பு வந்து இரண்டாவது வரவில்லை என்றால், சும்மா இருக்கும் இணைப்பை ரூட்டரோ போனின் பேட்டரி சேமிப்போ துண்டிக்கிறது என்று அர்த்தம். ஆப்போ அடாப்டரோ சர்வரிடம் தன் பதிவைப் புதுப்பிக்கும் இடைவெளியை செட்டிங்ஸில் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வேகத்தைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம், குரலை அதிகம் சுருக்காமல் அனுப்பும் பழைய ஜி.711 முறையில்கூட ஒரு அழைப்புக்கு ஒரு திசையில் நொடிக்கு 90 கிலோபிட்டுக்குள் அடங்கிவிடும்.

அவசர எண்ணைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இலவச இணைய போன்கள் பலவற்றில் அவசர அழைப்பு போகவே போகாது, போனாலும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது அந்தப் பக்கம் தெரியாமல் போகலாம். மின்சாரம் போனால் ரூட்டரும் போகும். சிம் போட்ட, சார்ஜ் ஏற்றிய போன் ஒன்று வீட்டில் எப்போதும் இருக்கட்டும்.

உள்ளே கிடப்பதை வெளியே எடுங்கள்

தொடர்புகள், வாய்ஸ்மெயில், செய்திகள், அழைப்புப் பட்டியல் எல்லாவற்றையும் டவுன்லோட் செய்யும் வசதி பெரிய சேவைகளில் இருக்கும். கூகுளில் டேக்அவுட் என்று இருக்கிறது. ஸ்கைப் மூடிய பிறகும் சில மாதம், 2026 ஜனவரி வரை, தரவை எடுக்க அனுமதித்தார்கள். எல்லோரும் அப்படி விடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. எடுத்த கோப்பைத் திறந்து பாருங்கள், வாய்ஸ்மெயில் ஒன்றையாவது ஓடவிட்டுக் கேளுங்கள். இறந்துபோன ஒருவரின் குரல் அதில் மட்டும்தான் இருக்கிறது என்றால் இந்த வேலையை இன்று இரவே செய்துவிடுங்கள். கணக்கில் முன்கூட்டியே காசு போட்டு வைத்திருந்தால் பேசித் தீர்த்துவிட்டு, இனி சிறிது சிறிதாக மட்டும் போடுங்கள், பெரிய தொகைக்குக் கூடுதல் நிமிடம் தருகிறேன் என்றால் ஆசைப்பட வேண்டாம்.

எப்போது உஷாராவது? புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்துவது ஒரு அறிகுறி. ஆப்புக்கு ஒரு வருடமாக அப்டேட் இல்லாதது, உதவிப் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போவது, கிரெடிட் விற்பதை நிறுத்துவது, அதே நிறுவனம் அதே வேலையைச் செய்யும் இன்னொரு ஆப்பை வெளியிட்டு அதற்கு மாறச் சொல்லி மேலே ஒரு பட்டை காட்டுவது இவையும்தான். கடைசியாகச் சொன்னதைப் பார்த்தால் நான் அறிவிப்புக்குக் காத்திருக்க மாட்டேன், அன்றைக்கே போர்ட்டிங் விண்ணப்பத்தைப் போட்டுவிடுவேன்.

விண்ணப்பம் போட்ட பிறகு இரண்டு இடத்திலும் சில நாள் காலை வைத்திருக்க வேண்டும். பேச்சு முதலில் புதிய இடத்துக்கு வந்துவிடும், எஸ்எம்எஸ் ஒன்றிரண்டு நாள் கழித்தும் வரலாம், அதுவரை பழைய ஆப்பை போனிலிருந்து எடுக்காதீர்கள். வேறொரு நெட்வொர்க் போனிலிருந்து ஒரு அழைப்பு, ஒரு எஸ்எம்எஸ், ஏதாவது ஒரு கணக்கிலிருந்து ஒரு ஓடிபி, மூன்றும் புதிய இடத்தில் வந்து சேர்ந்த பிறகு பழைய கணக்கில் மிச்சம் இருப்பதை மூடிக்கொள்ளலாம்.