கண்டம் கார் வாங்கி ஸ்கிராப்புக்கு தள்ளறது எப்படி: புதுசா இறங்கறவங்களுக்கு

கண்டம் ஆன, அதாவது இனி ஓட்ட லாயக்கில்லாத கார் வாங்கி இரும்புக்கு தள்ளற தொழில்ல இறங்கலாம்னு வர்றவங்க எல்லாரும் எடுத்தவுடனே கேக்கறது "இரும்பு கிலோ என்ன ரேட்டு போகுது" தான். அதை அப்புறம் பாத்துக்கலாம் பாஸ். முதல்ல பேப்பரை பாருங்க. வண்டி யார் பேர்ல இருக்கு, ஆர்சி ஒரிஜினல் இருக்கா, பைனான்ஸ் முடிஞ்சுதா. இது சரியில்லன்னா வண்டிய சும்மா குடுத்தாலும் தொடாதீங்க.

இப்போ விதி எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க. 2021ல மத்திய அரசு வாகன ஸ்கிராப்பிங் விதிகள் கொண்டு வந்தாங்க, அதுப்படி அனுமதி வாங்கின ஸ்கிராப்பிங் யார்டுல தான் வண்டிய ஒப்படைக்கணும், அவங்க ஓனர் பேர்ல ஒரு டெபாசிட் சர்டிபிகேட் குடுப்பாங்க, அதை வச்சு தான் ஆர்சி கேன்சல் ஆகும். 2025 ஏப்ரல்ல இருந்து சுற்றுச்சூழல் விதியும் தனியா சேர்ந்துக்கிச்சு. அதனால காலி இடத்துல ஒரு கேஸ் கட்டர் வாங்கி வச்சுட்டு நாமளே உடைச்சிடலாம்னு யோசிக்காதீங்க. புதுசா வர்ற ஆளுக்கு சரியான வேலை நடுவுல நிக்கறது தான், அதாவது வீட்டு வாசல்லயும் மெக்கானிக் ஷெட்லயும் கிடக்கற வண்டிய புடிச்சு, பேப்பர் சரி பண்ணி, யார்டுக்கு கொண்டு போய் சேக்கறது. பழைய பார்ட்ஸ் கடைங்க இருக்கற சென்னை புதுப்பேட்டையும் கோவை உக்கடமும் ஒரு நாள் பூரா சுத்திட்டு வாங்க, வாங்கறதுக்கு இல்ல, எந்த வண்டியோட எந்த பார்ட்ஸ கேட்டு ஆள் வர்றாங்கன்னு பாக்கறதுக்கு.

வண்டி எங்க கிடைக்கும்? ஓஎல்எக்ஸ்ல தேடறத விட டிங்கரிங் கடைக்காரங்க, பழைய மெக்கானிக்குங்க, அபார்ட்மென்ட் செகரட்டரி இவங்க கிட்ட நம்பர் குடுத்து வைங்க. பார்க்கிங்ல பத்து வருஷமா கவர் போட்டு நிக்கற சான்ட்ரோவ எப்படா எடுப்பாங்கன்னு செகரட்டரி காத்துட்டு இருப்பாரு. மெக்கானிக்குக்கு ஷெட்டுல இடம் அடைச்சு நிக்குதேன்னு கவலை. வேலை முடிஞ்சா அவருக்கு கமிஷன் குடுத்துடணும், அதுல கஞ்சத்தனம் பண்ணா அடுத்த வண்டி வேற ஆளுக்கு போயிடும். அரசு ஆபீஸ் ஏலத்துல அம்பாசிடரும் ஜீப்பும் எடுக்கலாம்னு பழைய ஆளுங்க சொல்வாங்க, ஆனா 15 வருஷம் தாண்டின அரசு வண்டிங்க 2023 ஏப்ரல்ல இருந்து நேரா அனுமதி யார்டுக்கு தான் போகணும், அதை நம்பி இறங்காதீங்க.

போன் வந்தவுடனே கிளம்பிடாதீங்க. ஆர்சி ரெண்டு பக்கம், வண்டி நாலு பக்கம், பானெட் திறந்து ஒரு போட்டோ வாட்ஸப்ல வாங்குங்க. பரிவாகன் ஆப்ல நம்பர் போட்டு ஓனர் பேர், பைனான்ஸ் நிக்குதா, பிளாக்லிஸ்ட் ஆகியிருக்கா பாருங்க, இ-சலான்ல பைன் ஏதும் இருக்கான்னும் பாத்துடுங்க. லோன் என்னைக்கோ கட்டி முடிச்சிருப்பாங்க, ஆனா ஹெச்பி, அதாவது ஆர்சில இருக்கற பேங்க் கடன் பதிவ கேன்சல் பண்ணாம விட்டிருப்பாங்க, அதுக்கு பேங்க்ல கடன் பாக்கி இல்லன்னு என்ஓசி வாங்கணும், அந்த அலைச்சல் ஓனரோடதுன்னு அப்பவே பேசிடுங்க. திருட்டு வண்டியான்னு பாக்க என்சிஆர்பி, அதாவது மத்திய அரசோட குற்ற ஆவண அமைப்பு நடத்தற வாகன் சமன்வய்னு ஒரு சைட் இருக்கு, என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் போட்டா சொல்லிடும். "எனக்கு தெரியாது சார், ஸ்கிராப்புன்னு வாங்கினேன்"னு ஸ்டேஷன்ல சொல்றது அவ்ளோ சுலபமா எடுபடாது, திருட்டு சொத்து வாங்கினா பிஎன்எஸ் (ஐபிசிக்கு பதிலா வந்த சட்டம்) 317ல மூணு வருஷம் வரைக்கும் உள்ள போகலாம்.

ரொம்ப வர்றது இறந்து போனவங்க வண்டி. அப்பா பேர்ல வண்டி, பையன் விக்கறாரு, தங்கச்சி அமெரிக்காவுல. பையன் கையெழுத்து மட்டும் பத்தாது, இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், மத்த வாரிசுங்களோட சம்மதம் எல்லாம் வேணும். அது வர்ற வரைக்கும் ஒரு சின்ன அட்வான்ஸ் போதும், முழு காசு குடுத்துட்டு சான்றிதழுக்காக அவங்க பின்னாடி ஓடாதீங்க.

இப்போ ரேட்டுக்கு வருவோம். கணக்கு கடைசில இருந்து முன்னாடி வரணும், விக்கற விலைல ஆரம்பிச்சு வாங்கற விலைக்கு. மாருதி 800ஐ எடுத்துக்கோங்க, காலி எடை சுமார் 650 கிலோ. 650ம் இரும்புன்னு கணக்கு போட்டா கதை முடிஞ்சுது. டயர், சீட்டு, கண்ணாடி, பிளாஸ்டிக் எல்லாம் கழிச்சா ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு தான் இரும்பு, 430 கிலோன்னு வைங்க. கிலோ 28 ரூபான்னு ஒரு பேச்சுக்கு வச்சா 12,040. கிரேன் வாடகை 2,500 போச்சு, உங்க லாபம் 2,500 வைங்க, அப்போ ஓனருக்கு குடுக்கறது 7,000 தான். பேட்டரி, அலுமினியம் வீல், கன்வெர்ட்டர் (சைலன்சர் லைன்ல புகைய சுத்தம் பண்ற டப்பா) இதெல்லாம் மேல வர்ற காசு, அதை முன்னாடியே விலையில சேர்த்து பெரிய மனசு காட்டாதீங்க. இரும்பு ரேட்டு வாரா வாரம் ஆடும், கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லுக்காரங்க வாங்கறத குறைச்சா இங்க யார்டுல உடனே தெரியும், அதனால அன்னைக்கு காலைல யார்டுக்கு போன் போட்டு கேட்டுட்டு தான் விலை பேசணும். கேக்கும்போது முழு வண்டி எடைக்கு ரேட்டா, பிரிச்ச இரும்புக்கு ரேட்டான்னு தெளிவா கேளுங்க, ரெண்டும் வேற வேற, முழு வண்டி ரேட்டு கம்மியா தான் இருக்கும்.

நேர்ல போனா முதல்ல சேசிஸ் நம்பர். துரு மேல பழைய துணியால துடைச்சு, டார்ச் சாய்ச்சு அடிச்சு, ஒவ்வொரு எழுத்தா ஆர்சியோட ஒத்து பாருங்க. நம்பர் இருக்கற இடத்துல மட்டும் புது பெயின்ட், இல்ல உரசின தடம் இருந்தா வண்டிய விட்டுட்டு வந்துடுங்க. அப்புறம் கீழ படுத்து சைலன்சர் லைன்ல கன்வெர்ட்டர் இருக்கா பாருங்க, உள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கறதால அதுக்கு தனி காசு. சென்னை மாதிரி நாலு பெருநகரத்துல 1995 ஏப்ரல்ல இருந்து தான் புது பெட்ரோல் காருக்கு அது கட்டாயம் ஆச்சு, அதுக்கு முன்னாடி வண்டில தேடாதீங்க. இருந்தாலும் கையால தட்டி பாருங்க, உள்ள இருக்கற தேன்கூடு மாதிரி பாகத்தை எடுத்துட்டு வெறும் டப்பாவ வெல்டு வச்சிருப்பாங்க. ஆம்னின்னா பின்னாடி கேஸ் சிலிண்டர் இருக்கான்னு கட்டாயம் பாருங்க, அதை தெரிஞ்ச ஆளை வச்சு கழட்டாம வண்டி நகரக்கூடாது.

விலை பேசறப்போ வீட்டு பெரியவர் கிட்ட "இது வெறும் தகரம் சார்"னு சொல்லிடாதீங்க. அந்த கார்ல தான் அவர் பொண்ண காலேஜ்ல கொண்டு விட்டிருப்பாரு.

"தம்பி, இருபதாயிரத்துக்கு கேட்டாங்க, நான் தான் குடுக்கல."

"சரிங்கய்யா, அவர் ஓட்டறதுக்கு கேட்டிருப்பாரு. நான் எடைக்கு தான் எடுக்கறேன், கணக்கு இதோ பாருங்க."

கணக்க பேப்பர்ல எழுதியே காட்டுங்க, பாதி பேரம் அங்கயே முடிஞ்சிடும். கூடவே சொல்லுங்க, ஆர்சி கேன்சல் ஆகலன்னா நாளைக்கு அந்த நம்பர் எங்கயாவது மாட்டினா போலீஸ் வர்றது உங்க வீட்டுக்கு தான்யா, நான் சர்டிபிகேட்டோட முடிச்சு தர்றேன்னு. டெபாசிட் சர்டிபிகேட் இருந்தா புது சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரைக்கும் ரோடு டேக்ஸ் சலுகை தரலாம்னு மத்திய விதியில இருக்கு, பையன் புது கார் வாங்கற ஐடியாவுல இருந்தா ஆயிரம் ரூபா கூட குறைய பேசறத விட இது தான் அவர்கிட்ட எடுபடும்.

ஒத்துக்கிட்டா டெலிவரி நோட், அதாவது வண்டிய ஒப்படைச்சதுக்கான சீட்டு ரெண்டு காப்பி, தேதி மட்டும் இல்ல, நேரமும் எழுதணும். ஆர்சி ஒரிஜினல், ஆதார், பான் காப்பி, யார்டுல ஒப்படைக்க உங்களுக்கு அதிகாரம் குடுக்கற லெட்டர் எல்லாம் ஒரே தடவைல வாங்கிடுங்க. யார்டுல காசு ஓனர் அக்கவுண்டுக்கு போகுமா உங்களுக்கு வருமான்னு முன்னாடியே கேட்டு வைங்க, அதுல தான் புது ஆளுங்க சண்டை போட்டுக்கறாங்க.

வண்டி தூக்க சொந்தமா ரெக்கவரி வண்டி எல்லாம் இப்போதைக்கு வேணாம், ட்ரிப்புக்கு பேசுங்க. ஜாக்கி, ஏர் பம்ப், 12 இன்ச் பழைய வீல் ரெண்டு கூட வச்சுக்கோங்க, 800க்கும் ஆம்னிக்கும் அது போதும், டயர் கிழிஞ்சு ரிம்ல நிக்கற வண்டிய நகத்த முடியாம கிரேன்காரர் வெயிட்டிங் போட்டா அது உங்க தலைல தான் விடியும். பேட்டரி ஒயர கழட்டும்போது முதல்ல நெகட்டிவ்.

யார்டுக்கு போறதுக்கு முன்னாடி வெளிய ஒரு எடை மேடைல போட்டு சீட்டு வாங்கிக்கோங்க. லோடோட எடை போடறப்போ டிரைவர் இறங்கிட்டு, காலி எடை போடறப்போ டிரைவர் உள்ள உக்காந்திருந்தா 70 கிலோ அங்கயே போச்சு, அதுல மூணுல ரெண்டு பங்கு இரும்புன்னு மேல போட்ட கணக்குப்படி பாத்தா உங்க லாபத்துல பாதி. ரெண்டு தடவையும் டிரைவர் ஒரே இடத்துல இருக்கணும், அவ்ளோ தான்.

கொஞ்ச நாள்ல ஒருத்தர் வருவாரு. "வண்டி நீயே வச்சுக்கோ, ஆர்சியும் சேசிஸ் நம்பர் இருக்கற துண்டும் மட்டும் குடு, முழு வண்டிக்கு வர்ற காசுக்கு மேல தர்றேன்"பாரு. அது எதுக்குன்னா, திருடின அதே மாடல் வண்டிக்கு உங்க கண்டம் வண்டியோட நம்பர போட்டு ஓட்டறதுக்கு. டீ வாங்கி குடுத்து அனுப்பி வச்சுடுங்க, நம்பர கூட சேவ் பண்ணாதீங்க.

ஜிஎஸ்டி பத்தி ஆடிட்டர் கிட்ட ஒரு தடவை உக்காந்து பேசிடுங்க. 2024 அக்டோபர் 10ல இருந்து, ரிஜிஸ்டர் பண்ணாத ஆள்கிட்ட மெட்டல் ஸ்கிராப் வாங்கினா, வாங்கற ரிஜிஸ்டர்டு வியாபாரி ரிவர்ஸ் சார்ஜ்ல, அதாவது விக்கறவருக்கு பதிலா அவரே வரி கட்டணும், அதனால தான் சிலர் உங்களுக்கு ரேட்ட குறைச்சு சொல்வாங்க, பேரம் பேசறப்போ இது தெரிஞ்சிருக்கணும்.

வாங்கின வண்டிய ஸ்டாக் வைக்கற பழக்கம் மட்டும் வேணாம். ரேட்டு ஏறும்னு காலி மனைல நாலு வண்டி நிறுத்தினா ஐப்பசி மழைல டிக்கில தண்ணி நின்னு கொசு வந்து பக்கத்து வீட்டுக்காரர் மாநகராட்சிக்கு போன் போடுவாரு, கசியற ஆயில் மண்ணுல இறங்கும், ராத்திரில எவனாவது பேட்டரியயும் கன்வெர்ட்டரயும் கழட்டிட்டு போயிடுவான். பேப்பர் கைக்கு வந்த வாரமே வண்டி யார்டுக்கு போயிடணும், சர்டிபிகேட் வந்ததும் ஓனருக்கு வாட்ஸப்ல அனுப்பிடுங்க.