ஜஸ்டினியன் செப்புக்காசின் ஆண்டை வாசிப்பது எப்படி?

முதலில் காசிலுள்ள பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியனின் முகத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் வலப்புறம் நோக்கியிருந்தால், பெரிய செப்புக்காசான ஃபோலிஸ் பெரும்பாலும் 538-க்கு முந்தையது. அதில் ஆட்சியாண்டு இருக்காது. தலைக்கவசத்துடன் நேராக நம்மைப் பார்க்கிறாரா? வலக்கையில் சிலுவை பொருத்திய உருண்டை, இடத்தோளில் கேடயம் தெரிகிறதா? அப்படியானால் பின்புறம் திருப்புங்கள்.

நடுவே பெரிய ‘எம்’ எழுத்து. அதன் மதிப்பு 40 நும்மி (அக்காலத்தின் மிகச் சிறிய நாணய அலகு). இடப்பக்கம் மேலிருந்து கீழாக ‘அன்னோ’ (ஆண்டு), வலப்பக்கம் ரோமன் எண். அந்த எண்ணுடன் 526-ஐக் கூட்டினால் ஆட்சியாண்டு தொடங்கிய வருடம் கிடைக்கும்: 12 என்றால் 538. ஆட்சியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் 538/539 என்றே குறியுங்கள்.

பிழை பெரும்பாலும் எண்ணில்தான் வருகிறது. விளிம்பில் ஒரு கோடு தேய்ந்தாலே ஓராண்டு குறைந்துவிடும். விளக்கைக் கிடையாகச் சாய்த்து, காசைச் சுழற்றிப் பாருங்கள். தேய்ந்த கோட்டின் நிழல் தெரியும். எலுமிச்சை, வினிகர் வேண்டவே வேண்டாம். அமிலம் பச்சைப்படலத்தோடு எழுத்தையும் தின்றுவிடும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவிடுவதே நல்லது.

கடைசியாக அடிவரி, அக்கசாலையின் பெயர்: ‘கான்’ என்றால் கான்ஸ்டாண்டிநோபிள்.

முகச்சாயலை மட்டும் இதில் தேடாதீர்கள். இத்தாலியின் ராவென்னா நகரிலுள்ள சான் விட்டாலே தேவாலய மொசைக்கில் தெரியும் தனிமுகம் காசில் இல்லை. இங்கே வரைந்திருப்பது பதவியை.