நாடு நீங்கிய தொழிலதிபரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுவது எப்படி? கொதர்கோவ்ஸ்கியை வைத்து ஒரு வழிகாட்டி

பெரும் பணக்காரராக இருந்து, ஆட்சியோடு மோதி, சிறை சென்று, நாட்டை விட்டு வெளியேறி அரசியல் செய்கிறவர்களைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகின்றன. ஒருவர் எழுதினால் தியாகி, இன்னொருவர் எழுதினால் கொள்ளைக்காரர். ரஷ்யாவின் யூகோஸ் எண்ணெய் நிறுவனத்துக்குத் தலைவராக இருந்த மிகயில் கொதர்கோவ்ஸ்கியை எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் முழுதாகத் தெரியும். அவர் சொத்து சேர்த்த விதம் கேள்விக்குரியது. அவரைத் தண்டித்த விதம் அநியாயமானது. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் அது வாழ்க்கைக் குறிப்பு ஆகாது, வக்காலத்து ஆகிவிடும்.

எழுத உட்காரும் முன் ஒரு தாளில் மூன்று பத்திகள் (நெடுவரிசைகள்) போடுங்கள்: தேதி, நடந்தது, அதைச் சொன்னது யார். மூன்றாவது பத்தியைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள். ‘வரி ஏய்ப்பு செய்தார்’ என்பது தீர்ப்பின் வாசகமா, அரசுத் தரப்பின் குற்றச்சாட்டா, செய்தியாளரின் முடிவா? பத்தியில் பெயர் இருந்தால்தான் வாக்கியத்தைச் சரியாக அமைக்க முடியும்.

பணம் வந்த வழிக்குத் தாராளமாக இடம் கொடுங்கள். 1963இல் மாஸ்கோவில் பிறந்தவர், வேதிப் பொறியியல் படித்தவர், கொம்சொமோல் இளைஞர் அமைப்பில் பொறுப்பில் இருந்தவர் என்பதற்கு இரண்டு வரி போதும். பிறகு அவர் நிறுவிய மெனாடெப் வங்கி. விரிவாக எழுத வேண்டியது 1995 டிசம்பர். அரசுக்குக் கடன் கொடுத்து அதற்கு ஈடாகப் பொதுத்துறை நிறுவனப் பங்குகளைப் பெறும் திட்டத்தில் யூகோஸ் எண்ணெய் நிறுவனம் ஏலத்துக்கு வந்தது. ஏலத்தை நடத்தியது மெனாடெப். வென்றது மெனாடெப் சார்ந்த நிறுவனம். கூடுதல் தொகை தருவதாகச் சொன்ன போட்டி வங்கிகள் ஒதுக்கப்பட்டன. 78 சதவீதப் பங்கு ஏறத்தாழ 31 கோடி டாலருக்குக் கைமாறியது. 2004இல் ஃபோர்ப்ஸ் இதழ் அவரது சொத்தை 1,500 கோடி டாலர் என மதிப்பிட்டது. இந்த இரு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாசகருக்கு விளக்கவுரையே தேவைப்படாது.

எண்களில் இரண்டு இடங்களில் தவறு நேரும். பில்லியன் என்றால் 100 கோடி; அவசரத்தில் அதை 10 கோடி என்றோ 1,000 கோடி என்றோ மாற்றிவிடுகிறோம். மற்றது ரூபிள். 1998 ஜனவரி 1இல் 1,000 பழைய ரூபிள் ஒரு புதிய ரூபிளாக மாற்றப்பட்டது. 1995ஆம் ஆண்டின் ரூபிள் தொகையை 2003ஆம் ஆண்டின் தொகையோடு நேராக ஒப்பிட்டால் கணக்கு ஆயிரம் மடங்கு பிசகும். ஆகவே, அந்தந்த ஆண்டின் டாலர் மதிப்பையே கொடுங்கள்.

மோதலின் காரணத்தை ஒற்றை வரியில் அடைக்கக் கூடாது. 2003 பிப்ரவரியில் கிரெம்ளின் கூட்டமொன்றில் புதினின் முன்னிலையிலேயே அவர் அரசு மட்டத்து ஊழலைப் பற்றிப் பேசினார். எதிர்க்கட்சிகளுக்கு நிதி கொடுத்தார். யூகோஸின் பங்குகளை அமெரிக்க எண்ணெய் நிறுவனங்களுக்கு விற்பது பற்றிய பேச்சும் நடந்துகொண்டிருந்தது. மூன்றையும் சொல்லுங்கள், எது முதன்மை என்று தீர்ப்பளிக்க ஆவணம் இல்லாவிட்டால் அதோடு நிறுத்துங்கள். 2003 ஜூலையில் கூட்டாளி பிளாத்தோன் லெபெதேவும், அக்டோபர் 25இல் நோவோசிபிர்ஸ்க் விமான நிலையத்தில் கொதர்கோவ்ஸ்கியும் கைதானார்கள்.

அதிகம் பேர் தவறுவது தண்டனைக் கணக்கில்தான். 2005 மே மாதம், வரி ஏய்ப்பு உள்ளிட்ட முதல் வழக்கில் 9 ஆண்டு, மேல்முறையீட்டில் 8 ஆண்டு. 2010 டிசம்பரில் இரண்டாம் வழக்கில் 14 ஆண்டு. இவற்றைக் கூட்டி 22 என்று எழுதுவது பிழை. இரண்டாவது தண்டனையும் 2003இல் கைதான நாளிலிருந்தே கணக்கிடப்பட்டது. பிறகு அதுவும் படிப்படியாகக் குறைந்து, 2014 ஆகஸ்டில் அவர் வெளியே வரவேண்டிய நிலை இருந்தது. எனவே 2013 டிசம்பர் 20இல் கிடைத்த மன்னிப்பு அவருக்கு மிச்சப்படுத்தியது ஏறத்தாழ எட்டு மாதம். இதைச் சொல்லாத கட்டுரையில் புதினின் கருணை பூதாகரமாகத் தெரியும். தாயாரின் உடல்நிலையைக் காட்டி மனுக் கொடுத்தார், குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் அதே பத்தியில் சேர்க்க வேண்டும்.

ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் தீர்ப்புகளைச் செய்திச் சுருக்கத்தில் படித்து எழுதாதீர்கள். 2011 மே 31 தீர்ப்பு, கைதிலும் காவலிலும் உரிமை மீறல்கள் நடந்தன என்றது. ஆனால் வழக்கு முழுக்க அரசியல் நோக்கம் கொண்டது என்பதற்கு, நீதிமன்றம் கோரும் அளவுக்குச் சான்று இல்லை என்றும் கூறியது. 2013 ஜூலை தீர்ப்பு, குடும்பத்திடமிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, சீன எல்லையை ஒட்டிய கிராஸ்னோகமென்ஸ்க் முகாமுக்கு அனுப்பியதைக் குடும்ப வாழ்க்கை உரிமையின் மீறலாகக் கண்டது. இன்னொரு பக்கம், ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2011இல் அவரை மனச்சாட்சிக் கைதியாக (கருத்துக்காகவோ நம்பிக்கைக்காகவோ சிறை வைக்கப்பட்டவராக) அறிவித்தது. அது ஓர் அமைப்பின் நிலைப்பாடு. தீர்ப்போடு கலக்கக் கூடாது. யூகோஸைப் பறித்ததற்காக ரஷ்ய அரசு தர வேண்டும் என்று 2014இல் ஹேக் நடுவர் மன்றம் வழங்கிய 5,000 கோடி டாலர் இழப்பீடும் இவருக்கானதல்ல, யூகோஸின் முன்னாள் பெரும்பங்குதாரர்களுக்கானது. ‘கொதர்கோவ்ஸ்கிக்கு 5,000 கோடி’ என்ற தலைப்பு அப்பட்டமான தவறு.

வெளிநாட்டு வாழ்க்கையை எழுதும்போது வினைச்சொல்லில் கவனம் வேண்டும். ஜெர்மனியின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் கென்ஷர் ஏற்பாடு செய்த விமானத்தில் பெர்லின் சென்றார். பின்னர் சுவிட்சர்லாந்து, அதன்பின் லண்டன். ‘நாடு கடத்தப்பட்டார்’ என்று எழுதினால் அதற்கு அரசாணை இருக்க வேண்டும். அப்படி ஆணை இல்லை. ‘வெளியேறினார், திரும்ப முடியவில்லை’ என்பதே துல்லியம். திரும்பினால் என்ன ஆகும் என்பதையும் காரணத்தோடு சொல்லுங்கள்: 1998இல் நெஃப்தெயுகான்ஸ்க் நகர மேயர் கொல்லப்பட்ட வழக்கில் 2015 டிசம்பரில் அவர் இல்லாமலேயே குற்றம் சாட்டினார்கள், அவர் அதை மறுக்கிறார். குற்றச்சாட்டும் மறுப்பும் ஒரே வாக்கியத்தில் வரட்டும். மறுப்பை நாலு பத்தி தள்ளி வைத்தால் வாசகர் அங்கே போய்ச் சேரமாட்டார்.

அரசியல் பணியை அடைமொழிகளால் நிரப்பாமல் அமைப்பு, ஆண்டு, விளைவு என்று எழுதுங்கள். அவர் நிறுவிய ‘திறந்த ரஷ்யா’ 2001இல் தொண்டு அமைப்பாகத் தொடங்கியது. 2014இல் அரசியல் இயக்கமாக மீண்டும் வந்தது. 2021 மே மாதம், உறுப்பினர்கள் மீது குற்ற வழக்குகள் பாயும் என்ற அச்சத்தில் தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. கலைத்த பிறகும் அதன் தலைவர் அந்திரேய் பிவோவரோவ் விமானத்திலிருந்து இறக்கப்பட்டுக் கைதானார். இந்த ஒரு நிகழ்வைச் சற்று நின்று எழுதுங்கள். லண்டனில் இருப்பவரின் அரசியலுக்கு ரஷ்யாவுக்குள் இருப்பவர்கள் கொடுக்கும் விலை இதில் தெரிகிறது.

உக்ரைன் போருக்குப் பிந்தைய பகுதிக்கு ‘இன்றைய நிலவரப்படி’ என்று எழுதாமல் மாதமும் ஆண்டும் போடுங்கள். போரை எதிர்க்கும் ரஷ்யர்களின் போர் எதிர்ப்புக் குழுவில் 2022 பிப்ரவரியில் சேர்ந்தார், அதே ஆண்டு மே மாதம் ரஷ்ய அரசு அவரை ‘அந்நிய முகவர்’ (வெளிநாட்டுச் செல்வாக்கில் செயல்படுபவர்) பட்டியலில் சேர்த்தது. வழக்குகளும் தடைகளும் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கின்றன. தேதி இல்லாத வாக்கியம் ஆறு மாதத்தில் பொய்யாகிவிடும்.